தொட்டிப் புளியும் அப்பா அடைத்த பசையும்

ஓசூர்,
வைகாசி, ஞாயிறு காலை.

அன்பு மகள் ஜெயப்ரியாவுக்கு அம்மா சுகுணா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்குச் சுகம், மனசுக்கும் சுகம் என்று சேர்த்து எழுதுகிற நாள் வரட்டும் என்றுதான் இத்தனை நாள் பேனாவைத் தொடாமல் இருந்தேன், இப்போது எழுதலாம். அங்கே நகோயாவில் உன் உடம்பு எப்படி இருக்கிறது, சளி விட்டதா, வெறும் காப்பியைக் குடித்துவிட்டு ரயிலுக்கு ஓடுகிற பழக்கத்தை விட்டாயா என்று உண்மையாகச் சொல்ல வேண்டும். போனிலேயே பேசலாமே, எதற்கம்மா கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் நீ பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்கிறாய், உடனே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, இந்தப் பக்கம் உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பற்றி அவர் எதிரிலேயே எப்படிப் பேசுவது. வேப்பனப்பள்ளி மாங்காயில் ஊறுகாய் போட்டிருக்கிறேன், அந்தப் பார்சலுக்குள் இதையும் வைத்துவிட்டால் ஊறுகாயைத் தேடுகிறபோது இதைப் படித்துத்தானே ஆக வேண்டும்.

முதலில் உன்னோடு பாக்கியிருக்கும் சண்டையை முடித்துக்கொள்கிறேன். மாசி மாதத்தில் நான் உன்னைக் கூப்பிட்டு, நம் தொட்டிப் புளி இலை கொட்டுகிறது, அடிமரம் கறுத்துப்போய் நசநசவென்று இருக்கிறது என்று சொன்னபோது நீ என்ன சொன்னாய். அதத் தூக்கிப் போட்டுடும்மா, அதப் பாக்கப் பாக்க அப்பாவுக்குத்தான் கஷ்டம் என்றாய். போன்சாய் என்றாலே உலகம் எந்த நாட்டைக் காட்டுமோ அந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டு, மரத்தைக் குப்பையில் போடு என்று என்னிடம் சொல்கிறாள் என் மகள். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். அப்பா மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னாய் என்று தெரியும், அதனால்தான் திட்டாமல் வைத்தேன். ஆனால் போனை வைத்த கையோடு ஒன்றை முடிவு பண்ணினேன், இந்த மரத்தை நான் சாகவிடப் போவதில்லை என்று. ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

அந்த மரம் எங்கிருந்து வந்தது என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். ராயக்கோட்டை ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று பெரிய பெரிய புளியமரங்களை எல்லாம் சாய்த்தபோது, பாலத்துக் கல்லிடுக்கில் முளைத்து வளர வழியில்லாமல் குட்டையாக முறுக்கிக்கொண்டு நின்ற ஒன்றை ஜேசிபி கிளறிப் போட்டிருந்தது. நீயும் அப்பாவும் அதைச் சாக்கில் சுற்றி பைக்கில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினீர்கள், உன் காலேஜ் சுடிதார் முழுக்கச் செம்மண். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் இந்த வீட்டில் உங்கள் இரண்டு பேர் பஞ்சாயத்துதான். இந்தக் கிளையை விடலாம் என்பாய் நீ, கிள்ளணும் என்பார் அவர், கம்பி கட்டுவார், நீ அவிழ்ப்பாய். நீ ஜப்பானுக்குப் போன பிறகு சோபாவில் உட்கார்ந்தால் கண்ணில் படுகிற மாதிரி அந்தத் தொட்டியை அவர் ஜன்னலோரம் மாற்றிக்கொண்டார்.

ஐப்பசியில் அந்த பிரஸ் மிஷினில் நடந்தது உனக்குத் தெரியும். டூல் ரூமில் காலமெல்லாம் உழைத்து ரிட்டயராகி, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் ஒரு சின்னப் பட்டறைக்கு டை செட் பண்ணப் போனார், புரொடக்ஷன் குறைகிறது என்று அங்கே காப்பு மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள், வலது கைக் கட்டைவிரலும் அடுத்த விரலில் பாதியும் போயிற்று. உனக்குத் தெரியாதது அதற்குப் பிறகு நடந்தவை. வீடியோவில் நீ பார்க்கிற அப்பா வேறு, இங்கே இருந்தவர் வேறு. உன்னோடு பேசும்போது இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு வலது கையைத் துண்டுக்கடியில் வைத்துக்கொள்வார், நீ கட் பண்ணியதும் முகம் விழுந்துவிடும். சாப்பிடும்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு இடது கையில் ஸ்பூனால் சாப்பிடுவார், நான் பரிமாற வந்தால் நிறுத்திவிடுவார். டூல் ரூம் சிநேகிதர் முனிராஜ் அண்ணன் பார்க்க வந்தால் தூங்குறன்னு சொல்லிடு என்பார். அவருடைய டூல் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார், சமையலறைக் குழாய் சொட்டினால்கூட ஆளைக் கூப்பிடு என்றார். இந்த வீட்டில் ஒரு ஸ்க்ரூவை வேறொருத்தர் கையால் முடுக்கி நான் பார்த்ததே கிடையாது, ஜெயா. அந்தக் குழாய்க்காரர் போன பிறகு நான் பின்பக்கம் போய் அழுதேன்.

இந்த நிலைமையில்தான் மரமும் படுத்தது. மார்கழிக் குளிரில் இலை கொட்டினால் கொட்டட்டும், அது புளியின் குணம் என்று விட்டேன். மாசி வெயில் வந்தும் துளிர்க்கவில்லை, அடியில் குடைக்காளான் மாதிரி ஏதோ பொடிப்பொடியாக முளைத்திருந்தது. அவரிடம் சொன்னேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், நான் தொட்டது எது உருப்படப் போவுது என்றார். அந்த ஒரு சொல்தான் கண்ணு என்னை இந்தப் பாடு படுத்திற்று. மரம் செத்தால் அந்தச் சொல் நிஜமாகிவிடும், அதற்கப்புறம் இந்த மனுஷரை அந்த சோபாவிலிருந்து என்னால் எழுப்பவே முடியாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. பக்கத்து வீட்டு நாகம்மா வேறு, குட்ட மரம் வச்ச வூட்ல ஆளும் முடங்கித்தான் போவாங்க, நான் அப்பவே சொன்னன் என்று ஆரம்பித்தாள். மூடியைக் கழற்றி வைத்தது மனுஷன், பழி என் வீட்டு மரத்துக்கா என்று கேட்டேன். அன்றோடு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

மரத்துக்கு வந்தது என்ன வியாதி என்று பார்க்க எனக்கு வெகு நேரமாகவில்லை. விபத்துக்கு முன்னால் போன ஆடியில் உன் அப்பா பண்ணின வேலை நினைவிருக்கிறதா. பழைய தடித்த கிளையை எடுத்த இடத்தில் மரம் உள்வாங்கிப் பொந்து விழுந்திருந்தது, மழைத் தண்ணீர் தேங்குகிறது என்று யோசித்தவர், வார்ப்பு இரும்பில் பொத்தல் விழுந்தால் அடைப்பார்களே அந்த எபாக்ஸி பசையைச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து உள்ளே திணித்து, விரலால் அழுத்தி, மேலே உப்புத்தாள் போட்டு, மரக்கலரில் பெயிண்டும் அடித்துவிட்டார். இன்ஸ்பெக்ஷனில் வைத்தால்கூடக் கண்டுபிடிக்க முடியாது என்று அவருக்குப் பெருமை, உனக்கு அனுப்பின போட்டோவுக்கு நீ சிவப்பு இதயம் போட்டிருந்தாய். இரும்புக்குள் தண்ணீர் ஊறாது, மரத்துக்குள் ஊறும் என்று அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. மேலே கல்லு மாதிரி அடைப்பு, பின்னால் போன ஈரம் வெளியே வர வழியில்லை, உள்ளுக்குள்ளேயே உட்கார்ந்து மரத்தைத் தின்றிருக்கிறது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ரோஜா. நான் வேலை பார்க்கிற தளி ரோட்டுப் பசுமைக்குடிலில் செடி நுனியிலிருந்து கருகி வந்தால் என்ன பண்ணுவோம், கருப்புக்குக் கீழே பச்சை தெரிகிற வரைக்கும் வெட்டு, வெட்டின இடத்தில் தாமிர மருந்தைக் குழைத்துப் பூசு, அவ்வளவுதான், இரக்கமெல்லாம் பார்க்க மாட்டோம். அதே வைத்தியத்தை இதற்கும் பண்ணுவது என்று பங்குனியில் ஒரு ஞாயிறு தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லின்மேல் வைத்தேன். தோட்டத்து ரம்பம், கத்தரி, தாமிர மருந்து எல்லாம் பரப்பினேன். உன் அப்பா உள்ளே டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டார். நான் வேண்டுமென்றே கதவைத் திறந்து வைத்தேன்.

ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினேன், வழுக்கி என் கையில்தான் குத்திற்று, பெரிதாக ஒன்றுமில்லை, பயப்படாதே. பசை கல்லாக இருந்தது, ஆனால் அதைப் பிடித்துக்கொண்டிருந்த மரம்தான் கேக் மாதிரி ஆகிவிட்டிருந்தது. சுற்றிலும் ஸ்பூனால் சுரண்டச் சுரண்ட, ஆடுகிற பல் விழுகிற மாதிரி முழுப் பசையும் ஒரே துண்டாகக் கழன்று என் மடியில் விழுந்தது. பின்னாலேயே கறுப்புத் தண்ணீர், புளித்த நாற்றம், இரண்டு மூன்று வெள்ளைப் புழு. துண்டை ஓரமாக வைக்கப் போனவள் அதைத் திருப்பிப் பார்த்தேன். மேல்பக்கம் உப்புத்தாள் படாத ஓரத்தில் அவர் கட்டைவிரலை வைத்து அழுத்திய தடம் அப்படியே இருந்தது. ரேகை ஒன்றுகூட அழியவில்லை, சின்ன வயதில் அரம் பட்டு ஏற்பட்ட குறுக்குத் தழும்புகூடத் தெரிந்தது.  அவர் பார்த்துவிடக் கூடாது என்று அவசரமாக முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அப்புறம் அழுகலைச் சுரண்ட ஆரம்பித்தேன். எடுக்க எடுக்க ஈரத் தூளாக வந்துகொண்டே இருந்தது, பொந்து என் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாகிவிட்டது, எனக்கே பயம். கடைசியில் ஒரு இடத்தில் ஸ்பூன் டக்கென்று நின்றது, உள்ளே கருஞ்சிவப்பாக வைரம் பாய்ந்த கட்டை. அது வரைக்கும் சரி. ஆனால் பொந்துக்கு மேலே போகிற உச்சியும் வலதுபக்கக் கிளையும் பட்டைகூட இல்லாமல் காய்ந்து மொட்டையாக நின்றன. ரோஜாக்காரி புத்தி, ரம்பத்தை எடுத்து உச்சிக்குக் கீழே வைத்துவிட்டேன், முதல் இழுப்பு இழுத்தும்விட்டேன். டிவிச் சத்தம் நின்றது. எப்போது எழுந்து வந்தார் என்று தெரியாது, பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெட்டாத சுகுணா. செத்துப்போன எடத்தயெல்லாம் வெட்டிப் போட்டுட்டா அப்புறம் மிச்சம் என்ன இருக்குது."

அவ்வளவுதான் சொன்னார். துண்டு இல்லாமல் வந்திருந்தார், கையை மறைக்க மறந்துவிட்டிருந்தார். நான் ரம்பத்தைக் கீழே வைத்தேன். பேசினால் திரும்பிப் போய்விடுவாரோ என்று பயம். அவரே கிட்டே வந்து குந்தி, உன்னுடைய பழைய போட்டோ ஒன்றைப் போனில் தேடி எடுத்துக் காட்டினார். அங்கே போன புதிதில் ஏதோ தோட்டத்தில் எடுத்து அனுப்பியிருந்தாயே, பாதி மரம் எலும்பு மாதிரி வெளுத்துக் கிடக்க, மீதிப் பாதியில் பச்சையாகத் தழைத்து நிற்கிற மரம். கீழே நீயே எழுதியிருந்தாய், இங்க செத்த பாகத்த எடுக்க மாட்டாங்களாம், சுத்தம் பண்ணிக் காயவெச்சு, சுண்ணாம்பும் கந்தகமும் காச்சிப் பூசி, அதையும் மரத்தோட அழகா வெச்சுக்குவாங்களாம் என்று. நீ எழுதியதை நீயே மறந்துவிட்டாய், அவர் போனில் பத்திரமாக வைத்திருந்தார். தூக்கிப் போடச் சொன்னவளும் நீ, காப்பாற்ற வழி சொன்னவளும் நீ, உன்னை என்ன பண்ணுவது.

அன்றைக்கே அவருக்கு வேறொன்றும் உறைத்தது. பொந்தைச் சுத்தம் பண்ணினால் மட்டும் போதாது, மழை வந்தால் மறுபடி குளம் கட்டும், தண்ணி போக வழி வேணும் என்றார். பொந்தின் அடியிலிருந்து சாய்வாக ஒரு துளை போட்டுப் பின்பக்கம் வெளியே விட வேண்டும், உயிர்ப்பட்டை ஓடுகிற இடதுபக்கத்தைத் தொடவே கூடாது. டூல் பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்ததும் அவர்தான். டிரில்லை வலது கையில் பிடிக்கப் பார்த்தார், நிற்கவில்லை. இடது கையில் எடுத்தார், துளை முனை வழுக்கிக் கல்லில் இடித்தது. அப்படியே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போகத் திரும்பினார். நான் விடவில்லை. நீங்க பாத்துச் சொல்லுங்க, நான் புடிச்சிக்கறன் என்று டிரில்லை எடுத்துக்கொண்டேன். எனக்கு டிரில் பிடித்துப் பழக்கமா என்ன, அது என் கையில் துள்ளுகிறது. மேலே, மேலே, சாய்வு போதாது, அமுத்தாத, மிஷின் போகட்டும் என்று ஒரு அதட்டல். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மாதிரி அதட்டல் நான் வாங்கினதில்லை, வாங்குவதற்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. துளை பின்பக்கம் வெளியே வந்து, ஊற்றின தண்ணீர் அந்த வழியாக ஒழுகியபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பொந்தின் ஓரங்களில் ஸ்பூன் நுழையாத இடத்தில் இன்னும் அழுகல் மிச்சம் இருந்தது. அதற்குச் சின்னச் சுரண்டி வேண்டும் என்றார். மறுநாள் முனிராஜ் அண்ணனுக்கு அவரே போன் போட்டார், கவனி, அவரே. உடைந்த ரம்பப் பிளேடு துண்டொன்றைக் கொண்டுவரச் சொல்லி, முனையை வளைத்துத் தீட்டச் சொன்னார். கைப்பிடிதான் விசேஷம். மெல்லிசாக இருந்தால் அவர் கையில் நிற்காது என்று துணியைச் சுற்றி, அதற்கு மேலே பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, கத்தரிக்காய் பருமனுக்குக் கொண்டுவந்து, மிச்சமிருக்கிற மூணு விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டார். வலது கையால் கண்ணு. முதல் நாள் இரண்டு சுரண்டலுக்கே வியர்த்துப்போனார், கை வலிக்கிறது என்று வைத்துவிட்டார். அடுத்த நாள் மறுபடி எடுத்தார். பங்குனி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தூளைத் தட்டி, கெட்டிக் கட்டையைத் தட்டுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் விடவில்லை. நான் தாமிர மருந்தைப் பட்டை ஓரங்களில் மட்டும் தடவினேன். அந்தச் சைக்கிள் டியூபை அவர் இப்போது சாப்பாட்டு ஸ்பூனுக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறார், சுவரைப் பார்த்து உட்காருவதில்லை, அதை நான் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை, நீயும் கேட்காதே.

காய்ந்த பிறகு சுண்ணாம்பும் கந்தகமும். உரக்கடையில் கந்தகத் தூள் கிடைத்தது, சுண்ணாம்பு இங்கேயே இருக்கிறது, பின்பக்கம் செங்கல் வைத்து, வேண்டாத தகர டப்பாவில் காய்ச்சினேன். முகத்துக்குத் தோட்டத்து மாஸ்க், கைக்கு உறை, காற்று புகையைத் தள்ளுகிற பக்கம் நிற்காதே என்று அவர் கட்டளை. நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம், நூறு முட்டை ஒன்றாக அழுகின மாதிரி. நாகம்மா பேசாமலிருந்த விரதத்தை முறித்துக்கொண்டு சுவரின் மேலே தலையை நீட்டி, ஏனம்மா கக்கூஸ் குழியத் தெறந்துட்டீங்களா என்று கன்னடத்தில் பாதி தமிழில் பாதி கேட்டாள். மருந்து என்றேன். யாருக்கு என்றாள். ரெண்டு பேருக்கும் என்றேன். அவள் சரி சரி காய்ச்சு என்று உள்ளே போய் ஜன்னலை மட்டும் சாத்திக்கொண்டாள், நல்லவள்தான். தொட்டி மண்ணின்மேல் ஒரு சொட்டும் விழக் கூடாது என்று பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக் கட்டி, செத்த கட்டையை லேசாக நனைத்து, சின்ன பிரஷ்ஷால் பூசினார். பூசின உடனே மஞ்சள், வெயில் ஏற ஏற வெளுத்து, சாயங்காலத்துக்குள் சாம்பல் வெள்ளை. மொட்டை உச்சி, அந்தக் கிளை, பொந்தின் உதடு எல்லாம் வெளுத்து, இடதுபக்கம் பழுப்புப் பட்டை ஏறிப் போக, அது உன் போட்டோவில் இருந்ததற்கு எந்த விதத்திலும் குறைவில்லை.

ஆனால் அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. பூசி முடித்த அடுத்த வாரமே மிச்சமிருந்த நாலு இலையும் உதிர்ந்துவிட்டது. ஒரு பச்சை கிடையாது. உன் அப்பா மறுபடி சோபாவுக்குப் போய்விட்டார், முனிராஜ் அண்ணன் வந்தபோது மறுபடி தூங்குறன்னு சொல் என்றார். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் மரத்தின் மேலா அவர் மேலா என்று தெரியவில்லை. தூங்கல, உள்ள உக்காந்திருக்காரு, வாங்க என்று முனிராஜ் அண்ணனை நேராகக் கூட்டிக்கொண்டு போய் எதிரில் உட்கார வைத்துவிட்டுத் தொட்டியைக் கொண்டுவந்து உன் அப்பா மடிக்கு முன்னால் வைத்தேன். செத்துதுன்னு நீங்களே கீறிப் பாத்துச் சொல்லுங்க, அப்புறம் நானே கொண்டுபோய்க் குப்பையில போடறன் என்றேன். உன் அப்பா தொட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்புறம் நகத்தால் இடதுபக்கப் பட்டையைத் துளி கீறினார். உள்ளே பச்சை. கொஞ்சம் மேலே கீறினார், அங்கேயும் பச்சை, ஈரம். முனிராஜ் அண்ணன் உன் அப்பாவைப் பார்த்து, என்ன சிவராஜ், செத்துப்போனவனுக்கு ரத்தம் வருமா என்று கேட்டுச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை, ஆனால் தொட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய் வெயிலில் வைத்தார். அன்றிலிருந்து தண்ணீர் ஊற்றுவது தன் வேலை என்று சொல்லிவிட்டார். விரலை விட்டு மண் காய்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவார், மழை வந்தால் தொட்டிக்கு ஒரு பக்கம் செங்கல் கொடுத்துச் சாய்த்து வைப்பார்.

சித்திரை மழை இரண்டு விழுந்த பிறகு ஒரு காலை நான் ரோஜாக் குடிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், பஸ்ஸுக்கு நேரமாயிற்று. சுகுணா என்று ஒரு சத்தம், வீடு அதிர்ந்தது, கீழே விழுந்துவிட்டாரோ என்று ஓடினேன். பொந்தின் உதட்டுக்கு ஓரத்தில், நான் மருந்து தடவின பட்டையிலிருந்தே, சிவந்த துளிர் ஒன்று மூக்கை நீட்டியிருந்தது. அரிசியைவிடச் சின்னது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம், பஸ் போயே போய்விட்டது. இன்றைக்கு அது விரல் நீளக் கிளை, அடுக்கடுக்காகப் புளியிலை விட்டுக் காற்றில் ஆடுகிறது, அதற்கு மேலே இன்னும் மூன்று இடத்தில் வெடித்திருக்கிறது. நாகம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். உம் நல்லாத்தான் இருக்குது என்று ஒத்துக்கொண்டாள்.

இனி அந்தப் பசைத் துண்டு. அதை நான் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். போன வாரம் ஊறுகாயைப் பார்சல் பண்ணும்போது அவர் உதவிக்கு வந்து, அங்கே இங்கே கையை விட்டு, எடுத்துவிட்டார்.  ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது கைக் கட்டைவிரலை அந்தத் தடத்தில் வைத்துப் பார்த்தார், அது பொருந்தவில்லை, பொருந்தாதுதானே. நான் கையிலிருந்த டேப்பை வெட்டாமல் அப்படியே நின்றேன். அப்புறம் சொன்னார்.

"பேட்டர்ன் போனா என்ன, மோல்டு இருக்குதில்ல."

அசல் உரு போனாலும் அது பதிந்த அச்சு இருக்கிறது என்கிற பட்டறைக் கணக்கு. சொல்லிவிட்டுச் சிரித்தார் ஜெயா. மூணு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, அந்தப் பழைய டூல் ரூம் சிரிப்பு. ஐப்பசிக்குப் பிறகு அந்தச் சத்தத்தை இந்த வீடு கேட்டதில்லை. நான் அழுதுகொண்டே சிரித்தேன், எதற்கு அழுவுற என்று அதற்கும் ஒரு அதட்டல். இத ஜெயாவுக்கே அனுப்பு என்றார். செடி கொடி அனுப்பினால் அங்கே பிடுங்கிக்கொள்வார்களாம், பசைக்கு என்ன தடை. ராகி மாவுக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் என் பழைய சேலைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், ஊறுகாய் எண்ணெய் படாமல் முதலில் அதை எடுத்துவிடு.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை வந்து பீன்ஸ் தோட்டத்தை மிதித்துவிட்டதாம், எங்கள் குடில் வரைக்கும் வரவில்லை. எனக்குப் பிரஷர் மாத்திரை குறைத்துவிட்டார்கள். முனிராஜ் அண்ணன் மகள் சரிதாவுக்கு ஆவணியில் கல்யாணம், அப்பா கட்டாயம் போவதாகச் சொல்லியிருக்கிறார், கூட்டத்துக்குப் போவதாக, புரிகிறதா. நீ காலையில் சாப்பிட்டுவிட்டுப் போ, ராகி மாவு அதற்குத்தான். குளிரில் வெறுங்கையோடு வெளியே போகாதே. தனியாக இருக்கிறோம் என்று எதையும் மனசுக்குள் அடைத்து வைத்துக்கொள்ளாதே, அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்று நம் வீட்டிலேயே பார்த்துவிட்டோம், எதுவானாலும் எனக்குச் சொல், திட்டுவேன், ஆனால் கேட்பேன்.

ஒன்றை மட்டும் மறக்காதே. பார்சல் கிடைத்த பிறகு வருகிற ஞாயிறு வீடியோவில் கூப்பிடு. மரத்தைக் காட்டப் போகிறார். தொட்டியை வலது கையால்தான் திருப்புவேன் என்று அவரே சொல்லியிருக்கிறார், இரண்டு நாளாக அதற்குப் பழகிக்கொண்டும் இருக்கிறார், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. அந்தக் கையைப் பார்த்ததும் நீ அழக் கூடாது, பேச்சை மாற்றக் கூடாது, கண்ணை வேறு பக்கம் திருப்பவும் கூடாது. பழையபடி இந்தக் கிளையை விடணும், அதைக் கிள்ளணும் என்று சண்டை போடு. அவர் ஜெயிக்கட்டும் என்று விட்டுக்கொடுக்காதே, கண்டுபிடித்துவிடுவார்.

குலதெய்வம் உனக்குத் துணையிருக்கட்டும். உடம்பிலும் மனசிலும் ஒரு குறையும் வராமல், நீ வேர் விட்ட இடத்தில் நன்றாகத் தழைத்து இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அம்மா
சி. சுகுணா

அன்புள்ள ஜெயா, உன் அம்மா எனக்குத் தெரியாமல் எழுதி ஒளித்து வைத்தாள், டேப் ஒட்டுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். பேனாவுக்கும் டியூப் சுற்றியிருக்கிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பழகிவிடும். மேலே புதிதாக வெடித்த துளிரைக் கிள்ளத்தான் வேண்டும், அதில் உனக்கு ஓட்டு இல்லை. மோல்டைப் பத்திரமாக வை.

அப்பா